கேடயம் கொடுத்தாயிற்று, பாடம் எங்கே?

பெரம்பலூரிலிருந்து துறையூர் போகும் சாலையில் இருக்கிறது குரும்பலூர் பேரூராட்சி. பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரியாக இருந்து, பின்னர் அரசுக் கலை அறிவியல் கல்லூரியாக மாறிய கல்லூரி இந்த ஊரில்தான். மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் விளைகிற கிராமங்களிலிருந்து காலைப் பேருந்தில் தொற்றிக்கொண்டு வந்து படிக்கிற பிள்ளைகள் இங்கே அதிகம். அவர்கள் சட்டைப் பையில் கிடக்கும் கைப்பேசி, முப்பது ஆண்டுகளுக்கு முன் கல்யாண வீடுகளில் தோளில் தூக்கிக்கொண்டு திரிந்த வீடியோ கேமராவைவிடத் துல்லியமாகப் படம் பிடிக்கும். எடிட் செய்ய இலவசச் செயலி இருக்கிறது. படச்சுருள் வாங்கக் காசில்லை, லேபுக்குச் சென்னை போக வேண்டும் என்கிற பழைய தடைகள் ஒழிந்துவிட்டன. அதனால்தான் இன்று தமிழ்நாட்டில் கலைவிழா நடத்தும் கல்லூரி எதுவானாலும் பாட்டு, கோலம், பேச்சுப் போட்டிகளோடு குறும்படப் போட்டியும் பட்டியலில் ஏறிவிட்டது. பத்து நிமிடப் படம், அரங்கில் விசில், சிறப்பு விருந்தினரின் பாராட்டுரை, ஒரு கேடயம், ஒரு குரூப் போட்டோ. அதோடு முடிந்தது. இயக்கம் என்ற வேலையின் பாடம் அந்த குரூப் போட்டோவுக்குப் பிறகுதான் தொடங்க வேண்டும். நம் கல்லூரிகளில் அது தொடங்குவதே இல்லை என்பதுதான் இக்கட்டுரையின் வாதம். மாணவர் எடுத்த படம் நன்றாக வந்ததா என்பது இரண்டாம்பட்சம். எடுத்தவர் அதைத் திரும்பிப் பார்த்து, எந்த முடிவு பலித்தது, எது பலிக்கவில்லை, ஏன் என்று தன் வாயால் சொல்லப் பழகினாரா என்பதே முதல் கேள்வி.

இயக்குநர் என்றால் 'ஆக்‌ஷன்', 'கட்' சொல்பவர் என்ற எண்ணம் சினிமா பார்த்தே வளர்ந்த ஒரு சமூகத்தில் இயல்பானது. நடைமுறையில் அந்த வேலை சின்னச் சின்ன முடிவுகளின் தொடர். கேமராவை எங்கே வைப்பது, நடிப்பவர் எந்தப் பக்கம் பார்ப்பது, ஷாட்டை எத்தனை விநாடி நிறுத்துவது, ஒலி எங்கே நுழைவது என்று ஒவ்வொன்றும் ஓர் அனுமானம். பலித்ததா இல்லையா என்பது எடிட்டுக்கு உட்காரும்போதுதான் தெரியும். பெரம்பலூர் வட்டாரத்துக்கே உரிய ஒரு கதையை எடுத்துக்கொள்வோம். விலை சரிந்து கிடக்கிறது. அறுவடை செய்த சின்ன வெங்காயத்தைப் பட்டறையில் போட்டுவிட்டு விலை ஏறட்டும் என்று அப்பா காத்திருக்கிறார். மகனுக்குக் கட்டணம் கட்டக் கடைசித் தேதி நெருங்குகிறது. காகிதத்தில் அருமையான கதை. காட்டுக்குப் போனால் உச்சி வெயிலில் அப்பாவின் கண்கள் இரண்டும் கருப்புக் குழியாக விழுகின்றன. மரமில்லாத வெட்டவெளியில் காற்று கைப்பேசியின் மைக்கில் மோதிப் பாதி வசனத்தை விழுங்குகிறது. மீதியைக் கிணற்று மோட்டார் பார்த்துக்கொள்கிறது. முதல் நாள் நீலச் சட்டை, மறுநாள் கட்டம் போட்ட சட்டை. எதிரெதிரே நின்று பேசுகிற அப்பாவும் மகனும் திரையில் ஒரே திசையைப் பார்த்துப் பேசுகிறார்கள். இருவருக்கும் இடையே ஓடும் கற்பனைக் கோட்டைக் கேமரா தாண்டிவிட்டது. இவையெல்லாம் கைப்பழக்கத்தில் சரியாகிவிடும் குறைகள்தாம். பெரிய குறை ஒன்று உண்டு. எடுத்த ஷாட்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், கதையின் உயிரான காத்திருப்பு அவற்றில் எங்குமே இல்லை. எல்லோரும் காத்திருப்பதைப் பற்றிப் பேசுகிறார்கள், யாரும் காத்திருக்கவில்லை.

இந்த இடத்தில் மாணவர் என்ன செய்கிறார்? பின்னணிக் குரல் ஒன்றைச் சேர்க்கிறார். சோக வயலினை இழைய விடுகிறார். அப்பா வெங்காயத்தை அள்ளிக் கொட்டும் ஷாட்டை ஸ்லோமோஷனாக்குகிறார். ஒப்பேற்றிவிடுகிறார். அரங்கமும் உருகிவிடுகிறது. அந்தக் காத்திருப்பு எங்கே போயிற்று, காலையிலிருந்து மாலைவரை ஒரே இடத்தில் கிடக்கும் சாக்குப் படுதாவையும் அதைத் தூக்கித் தூக்கிப் பார்க்கும் கையையும் ஏன் எடுக்கவில்லை என்று ஒருவராவது கேட்டிருந்தால், அந்த மாணவருக்கு இயக்கம் என்பது என்னவென்று அன்றைக்கே பிடிபட்டிருக்கும். கேட்க ஆளில்லாததால், வயலின் போட்டால் போதும் என்ற பாடத்தோடு அவர் வீட்டுக்குப் போகிறார். அடுத்த படத்திலும் வயலின் வரும்.

ஈரானின் அப்பாஸ் கியரோஸ்தமி 1970-ல் எடுத்த முதல் படம் 'ரொட்டியும் சந்தும்'. பத்துப் பதினோரு நிமிடங்கள்தான். ரொட்டி வாங்கிக்கொண்டு வீடு திரும்பும் சிறுவன் சந்தில் ஒரு நாயைக் கண்டு பயந்து நிற்கிறான்; அவ்வளவுதான் கதை. விளம்பரப் படங்களும் சுவரொட்டிகளும் செய்துகொண்டிருந்த அவருக்குத் திரைப்படக் கல்லூரிப் பயிற்சி கிடையாது. ஒளிப்பதிவாளரோ அனுபவசாலி. சிறுவன் வீட்டுக்குள் போவதும் நாய் வாசலில் படுத்துக்கொள்வதும் ஒரே ஷாட்டில் வர வேண்டும் என்பது இயக்குநரின் பிடிவாதம். தனித்தனியாக எடுத்து ஒட்டிவிடலாம், எல்லோரும் அப்படித்தானே செய்கிறார்கள் என்பது ஒளிப்பதிவாளரின் வாதம். அந்த ஒரு ஷாட்டுக்காக 40 நாட்கள் காத்திருந்ததாகக் கியரோஸ்தமி பிற்காலப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். முணுமுணுத்துக்கொண்டே இருந்த ஒளிப்பதிவாளர் ஒரு வகையில் சரிதான், வழக்கமான இலக்கணத்தை நான்தான் மீறினேன் என்றும் ஒப்புக்கொண்டிருக்கிறார். இந்தச் சம்பவத்தை விடாமுயற்சிக்கு உதாரணமாகச் சொல்லி நகர்ந்துவிடுவது நம் மேடைப் பழக்கம். என் கண்ணுக்குப் படுவது வேறு. பல ஆண்டுகள் கழித்தும் அந்த ஒரு ஷாட்டை அவரால் பிரித்துப் பேச முடிகிறது. எதை விரும்பினார், எதிர்த்தரப்பின் நியாயம் என்ன, தன் வழியில் என்ன கிடைத்தது என்று மூன்றையும் தனித்தனியாக எடுத்து வைக்கிறார். வெட்டாமல் நீளும் ஷாட் பிற்பாடு அவர் படங்களின் அடையாளமே ஆனது. முதல் குறும்படத்தின் சண்டையை அவர் மறந்துவிட்டிருந்தால் அந்த நடை அவ்வளவு தெளிவாக உருவாகியிருக்குமா என்பது சந்தேகம்தான்.

தமிழ்நாட்டிலேயே இதற்குப் பெரிய சான்று இருக்கிறது. நாம் அதைத் தப்பாகப் படித்து வைத்திருக்கிறோம். கலைஞர் தொலைக்காட்சியில் 2009-ல் தொடங்கிய 'நாளைய இயக்குநர்' குறும்படப் போட்டி நிகழ்ச்சியிலிருந்து வந்தவர்களின் வரிசையைப் பாருங்கள். கார்த்திக் சுப்புராஜ் 2012-ல் 'பீட்சா' எடுத்தார். பாலாஜி மோகன் தன் குறும்படத்தையே அதே ஆண்டில் 'காதலில் சொதப்புவது எப்படி' என்று முழுநீளப் படமாக்கினார். 2013-ல் நலன் குமரசாமியின் 'சூது கவ்வும்', அல்போன்ஸ் புத்திரனின் 'நேரம்'. 2014-ல் அருண்குமாரின் 'பண்ணையாரும் பத்மினியும்', ராம்குமாரின் 'முண்டாசுப்பட்டி'. இரண்டு மூன்று ஆண்டுகளில் தமிழ் சினிமாவின் பேச்சும் நகைச்சுவையும் மாறின. இதிலிருந்து நாம் எடுத்துக்கொண்ட முடிவு, குறும்படம் எடுத்தால் தயாரிப்பாளர் கிடைப்பார் என்பது. நிகழ்ச்சியின் அமைப்பைக் கவனித்தால் வேறொன்று தெரியும். ஒரு போட்டியாளர் ஒரே ஒரு படத்தோடு வந்து பரிசு வாங்கிப் போகவில்லை. சுற்றுக்குச் சுற்று புதுப் படம் எடுக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு படத்தையும் திரையிட்ட கையோடு, முதல் சீசனில் நடுவர்களாக இருந்த மதனும் பிரதாப் போத்தனும் எதிரே உட்கார்ந்து இது எடுபடவில்லை, இது ஏன் இவ்வளவு நீளம், இங்கே என்ன சொல்ல வந்தீர்கள் என்று கேட்டார்கள். ஊரே பார்க்கும் தொலைக்காட்சியில் அதற்குப் பதில் சொல்லிவிட்டு, அடுத்த சுற்றுக்கு அடுத்த படத்தோடு வர வேண்டும். எடுப்பது, கேள்விக்கு நிற்பது, மறுபடி எடுப்பது என்ற அந்தச் சுழற்சிதான் அவர்களை உருவாக்கியது என்பது என் கணிப்பு. நம் கல்லூரிப் போட்டிகள் அந்த நிகழ்ச்சியிலிருந்து மேடையையும் கேடயத்தையும் எடுத்துக்கொண்டன. கேள்வியையும் அடுத்த சுற்றையும் விட்டுவிட்டன.

நலனும் கார்த்திக்கும் இயல்பிலேயே திறமைசாலிகள், கேள்வி கேட்காவிட்டாலும் வந்திருப்பார்கள் என்று ஒருவர் சொல்லலாம். இருக்கட்டும். அந்த அளவு இயல்பான திறமை இல்லாதவருக்குத்தானே கல்லூரி என்று ஒன்று வேண்டியிருக்கிறது? முறையாகச் சொல்லித்தரும் இடங்கள் எப்படி நடக்கின்றன என்று பார்த்தாலும் இதே சுழற்சிதான் தெரிகிறது. புனேயில் 1960-ல் தொடங்கிய திரைப்படக் கல்லூரியில் இயக்கம் படிப்பவர் எடுத்த எடுப்பில் தன் கனவுக் கதைக்குப் போய்விட முடியாது. ஷாட்டுக்கு ஷாட் தொடர்ச்சி அறுபடாமல் எடுக்க ஒரு பயிற்சி, இடத்தையும் நடிகரின் அசைவையும் கொண்டே சொல்ல ஒரு பயிற்சி, வசனத்துக்கு ஒரு பயிற்சி என்று ஏறித்தான் பட்டயப் படத்துக்கு வர வேண்டும். ஒவ்வொரு படியிலும் ஆசிரியரும் சக மாணவர்களும் சேர்ந்து பார்த்து அலசுவார்கள். அங்கே ஓராண்டுத் தொலைக்காட்சிப் பிரிவில் படித்த சிதானந்த நாயக் அடிப்படையில் ஒரு மருத்துவர், மைசூர்க்காரர். ஒரு கிழவி சேவலைத் திருடிக்கொண்டு போய்விட, ஊருக்குச் சூரியனே உதிக்காமல் போகிற கன்னட நாட்டுப்புறக் கதையை 16 நிமிடப் படமாக எடுத்தார். படப்பிடிப்புக்குக் கிடைத்தது நான்கே நாட்கள். 2024-ல் கான் திரைப்பட விழாவின் மாணவர் பிரிவில் முதல் பரிசு அதற்குத்தான். சூரியன் வராத கதை என்பதால் படம் முழுக்க இரவு. நாட்கள் குறைவு, இருட்டில் எடுக்க வேண்டும் என்ற கட்டுப்பாட்டை அவர் கதையின் சொத்தாக மாற்றிக்கொண்டார். தன்னால் எது முடியும், எது முடியாது என்று முன்பே அளந்து வைத்திருப்பவருக்குத்தான் அது கைவரும்.

இனி எதிர்வாதங்கள். முதலாவது, பிழைப்பு தெரிந்தவர்களின் வாதம்: குறும்படம் என்பது ஒரு விசிட்டிங் கார்டு, அதைக் கொண்டுபோய்த் தயாரிப்பாளரிடம் காட்டினால் வேலை முடிந்தது, அலசி ஆராய நேரம் ஏது? பிரதீப் ரங்கநாதனின் பெயர் உடனே வரும். 2017-ல் எடுத்த 'ஆப்(பா) லாக்' என்ற குறும்படம் 2022-ல் 'லவ் டுடே' ஆகி ஓடு ஓடென்று ஓடியது உண்மைதான். இரண்டுக்கும் இடையில் ஐந்தாண்டுகள் இருக்கின்றன, 2019-ல் 'கோமாளி' என்ற முழுநீளப் படம் இருக்கிறது. ஒரு சின்ன யோசனை எத்தனை நிமிடம் தாங்கும், இரண்டரை மணி நேரத்துக்கு நீட்டினால் எங்கே கிழியும் என்று தெரிந்த பிறகே அது பெரிய படமானது. தவிர, இந்த வாதத்தில் ஒரு கணக்குப் பிழையும் உண்டு. வாசல் திறந்தவர்களின் பெயர்கள் மட்டும் நமக்குத் தெரியும்; அதே கார்டை நீட்டிவிட்டுக் கோடம்பாக்கத்தில் அலைந்தவர்களின் பெயர்கள் யாருக்கும் தெரியாது. கார்டு செல்லாமல் போனவரின் கையில் என்ன மிஞ்சும்? தன் படத்தைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்திருந்தால் ஒரு திறமையாவது மிஞ்சும். அதோடு, சின்ன வடிவம் பெரிய வடிவத்துக்கு ஏணி மட்டுமே என்ற நினைப்பைப் பாலுமகேந்திராவே உடைத்துக் காட்டினார். 'மூன்றாம் பிறை'யும் 'வீடு'ம் எடுத்து முடித்த பிறகு, சன் தொலைக்காட்சியின் 'கதை நேர'த்துக்காக 52 தமிழ்ச் சிறுகதைகளைக் குறும்படங்களாக்கினார். அவருக்கு எந்தத் தயாரிப்பாளரிடம் நீட்ட கார்டு தேவைப்பட்டது?

இரண்டாவது வாதம், விமர்சனம்தான் யூடியூபிலேயே கிடைக்கிறதே என்பது. எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற எண் கிடைக்கிறது, 'சூப்பர் நண்பா' கிடைக்கிறது, வசவும் கிடைக்கிறது. இந்த ஷாட் ஏன் இங்கே இருக்கிறது என்ற கேள்வி கிடைப்பதில்லை. இதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல எதுவுமில்லை.

மூன்றாவது வாதத்துக்குத்தான் உண்மையான வலு இருக்கிறது. கல்லூரியை உள்ளிருந்து அறிந்தவர்கள் சொல்வது அது. திரும்பிப் பார்ப்பதைக் கட்டாயமாக்கினால் அதுவும் ஒரு சடங்காகிவிடும். 'எனது இயக்க அனுபவம்' என்று நான்கு பக்கம் எழுதிவரச் சொன்னால், முந்தைய ஆண்டு அண்ணன் எழுதிய ரெக்கார்டைப் பார்த்து அப்படியே எழுதிவிடுவார்கள். ஆசிரியரும் சிவப்பு மையில் கையெழுத்துப் போட்டுவிடுவார். நடக்கக்கூடியதுதான். அதனால் எழுதச் சொல்ல வேண்டாம் என்பதே என் பதில். திரை முன்னால் நின்று பேசச் சொல்ல வேண்டும், அதுவும் முடிந்த படத்தைக் காட்டி அல்ல, வெட்டி எறிந்த ஷாட்டுகளைக் காட்டி. ஒரே காட்சியின் மூன்று டேக்கை ஓடவிட்டு, இந்த மூன்றாவதை ஏன் எடுத்தாய், முதலாவதில் என்ன குறை என்று கேட்டால் யார் ரெக்கார்டைப் பார்த்தும் பதில் சொல்ல முடியாது. நடித்தவரையும் கேமரா பிடித்தவரையும் பக்கத்தில் நிறுத்திவிட்டால் புளுகவும் முடியாது. இதற்கு எந்தக் கருவியும் வேண்டாம், நிதி வேண்டாம். ஒரு வகுப்பறை, ஒரு புரொஜெக்டர், ஒரு பிற்பகல். ஆசிரியர் சினிமா படித்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை. தமிழ்த் துறையில் ஒரு சிறுகதையை வரி வரியாகப் பிரித்துப் பாடம் நடத்தத் தெரிந்தவருக்கு ஷாட் ஷாட்டாகப் பிரித்துக் கேள்வி கேட்கவும் தெரியும்.

வீட்டில் முதல் பட்டதாரியாக வருகிற பிள்ளைக்கு இதெல்லாம் ஆடம்பரம் இல்லையா, போட்டித் தேர்வுக்குப் படிக்க வேண்டிய நேரமல்லவா என்று பெற்றோர் தரப்பில் ஒரு கேள்வி வரும். எல்லோரும் படம் எடுக்க வேண்டும் என்று இங்கே யாரும் சொல்லவில்லை. ஆனால் எடுப்பதற்கு நேரம் ஒதுக்கிவிட்டவர், கற்பதற்கு மட்டும் நேரமில்லை என்பது வேடிக்கையாக இருக்கிறது. பல நாட்கள் செலவழித்துப் படம் எடுத்துவிட்டு, அதைப் பற்றிப் பேச இரண்டு மணி நேரம் இல்லை என்றால், அந்தப் பல நாட்களும்தான் வீண்.

திரும்பிப் பார்க்கும் பழக்கம் வந்தால் உடனே மாறக்கூடியது ஒன்று உண்டு: கருத்துப் படங்கள். குடி குடியைக் கெடுக்கும், கைப்பேசி கெடுக்கும், வரதட்சணை கெடுக்கும் என்று கடைசியில் ஒரு சாவும் கறுப்புத் திரையில் ஒரு வாசகமுமாக முடிகிற படங்களுக்குக் கல்லூரிப் போட்டிகளில் பஞ்சமே இல்லை. நடுவர்களும் 'சமூக அக்கறை' என்று மதிப்பெண் போட்டுவிடுகிறார்கள். சத்யஜித் ராய் 1964-ல் எடுத்த 'டூ' இதற்கு நேர் எதிர். கால் மணி நேரத்துக்கு மேல் போகாத படம். மாடி வீட்டில் பொம்மைகளோடு ஒரு பணக்காரச் சிறுவன், கீழே குடிசையருகே புல்லாங்குழலும் பட்டமுமாக ஒரு ஏழைச் சிறுவன். படத்தில் ஒரு வசனம் கிடையாது. ஓர் அமெரிக்க நிறுவனத்துக்காக எடுக்கும்போது ஆங்கிலத்தில் பேச வைக்க வேண்டிய நெருக்கடி வந்தது, பேச்சையே எடுத்துவிட்டார். ஏற்றத்தாழ்வு பற்றி யாரும் உபதேசிக்கவில்லை. ஆனால் பார்த்தவர் அந்தப் பட்டத்தை மறக்க முடியாது. தன் படத்தின் கடைசி வாசகத்தை நீக்கிவிட்டு ஒருமுறை ஓட்டிப் பார் என்று மாணவரிடம் சொன்னால் போதும். வாசகம் இல்லாமலும் படம் நின்றால் அது படம். நிற்காவிட்டால் இதுவரை காட்டியது ஒரு சுவரொட்டி.

ஊரைப் படமெடுப்பதிலும் இதே கதைதான். பெரம்பலூர் என்றதும் ரஞ்சன்குடிக் கோட்டைக்கு மேலே டிரோனைப் பறக்கவிடுவது, சாத்தனூர் கல்மரத்தைச் சுற்றிச் சுற்றி வருவது என்று ஆகிவிட்டது. 12 கோடி ஆண்டுப் பழமை என்று சொல்லப்படும் 18 மீட்டர் நீளக் கல்மரம் காட்ட வேண்டிய பொருள்தான், மறுக்கவில்லை. ஆனால் மேலிருந்து எடுத்த ஷாட்டில் அது ஏதோ உடைந்த குழாய்போலத் தெரிகிறது. மனித உடலை அருகில் வைக்காமல் அதன் நீளமும் தெரியாது, விரல் தொடும் தூரத்தில் போகாமல் மரத்தின் ரேகை கல்லில் பதிந்திருப்பதும் தெரியாது. இதை எடிட்டில் உட்காரும்போதே கண்டுபிடித்துவிடலாம். கண்டுபிடித்ததைச் சொல்லும்படி யாராவது கேட்க வேண்டும், அவ்வளவே.

பள்ளிகளில் இதற்கான விதை போடப்பட்டுவிட்டது. 2022 முதல் அரசுப் பள்ளிகளில் 6 முதல் 9-ஆம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு மாதம் ஒரு சிறார் திரைப்படம் காட்டும் திட்டத்தைப் பள்ளிக்கல்வித் துறை கொண்டுவந்தது. பார்த்ததோடு விடாமல் படத்தைப் பற்றிப் பேசுவதும் எழுதுவதும் அதில் சேர்த்தி. பார்த்த படத்தைப் பற்றிப் பேசப் பழகிய அந்தப் பிள்ளைகள் ஒவ்வொரு ஆண்டாகக் கல்லூரி வயதை எட்டிக்கொண்டிருக்கிறார்கள். அடுத்தவர் படத்தை அலசத் தெரிந்தவரிடம் தன் படத்தையும் அலசு என்று சொல்வது கல்லூரியின் பொறுப்பு.

குரும்பலூரிலோ அரியலூரிலோ அடுத்த குறும்படப் போட்டிக்கு நடுவராகவோ சிறப்பு விருந்தினராகவோ போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். பரிசைத் தாராளமாகக் கொடுங்கள். கொடுப்பதற்கு முன், முதல் பரிசு வாங்கப் போகிறவரை மேடைக்கு அழைத்து, உன் படத்தில் நீ நினைத்தபடி வராத ஒரு ஷாட்டைப் போட்டுக் காட்டி, ஏன் வரவில்லை என்று சொல் என்று கேளுங்கள். அவர் பேசி முடிக்கும்வரை மைக்கை வாங்காதீர்கள்.